உபினில் இறங்கியதும் மலேசியக் குறுஞ்செய்தி வந்தால் எதை அணைக்க வேண்டும்?

பெரியம்மாவைச் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துப் போயிருந்தேன். படகைவிட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் மலேசியாவுக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தி வந்துவிட்டது. அவர் பதறிப்போய், "இந்த ஜிபிஎஸ்ஸை முதலில் அணைத்துவிடு, காசு ஏறும்" என்றார். ஜிபிஎஸ்ஸுக்குக் காசே கிடையாது. அணைக்க வேண்டியது டேட்டா ரோமிங், அதாவது வெளிநாட்டு நெட்வொர்க் வழியாக இணையத்தைப் பயன்படுத்தும் வசதி. அதோடு நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, நம் ஊர் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுத்தால் போதும்.

டவருடன் கைப்பேசி இருவழியாகப் பேசுகிறது. எந்த ஆன்டெனாவின் சிக்னல் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், மலேசியாவின் ஜொகூர் உபினிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம்தான், ரேடியோ அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஜிபிஎஸ் அப்படி இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன, கைப்பேசி வானொலிப்பெட்டி மாதிரி கேட்க மட்டும் செய்கிறது. சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள் வேண்டும்: மூன்று இடத்துக்கு, நான்காவது கைப்பேசியின் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போகும்!

நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டில் வைஃபை இருக்கும்போதே கூகல் மேப்ஸில் சிங்கப்பூர் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா மாதிரி வானம் திறந்த இடத்துக்குப் போய் ஏரோபிளேன் மோடு போடுங்கள், வைஃபையும் அணையுங்கள், இருப்பிட வசதி மட்டும் இயங்கட்டும். அப்புறம் நடந்தால் நீலப்புள்ளியும் கூடவே நகரும். முதலில் அரை நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கலாம், பொறுத்திருங்கள்; வழக்கமாக டவர் வழியாகச் சட்டென்று வரும் செயற்கைக்கோள் விவரங்களை இப்போது வானத்திலிருந்தே, நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் வாங்க வேண்டியிருக்கிறது. எம்ஆர்டி சுரங்க ரயில் நிலையத்தில் இதற்கு நேர்மாறு: அங்கே ஆன்டெனா இருப்பதால் அழைப்பு கிடைக்கும், ஆனால் செயற்கைக்கோள் சிக்னல் எட்டாது. ராஃபிள்ஸ் பிளேஸில் உயரக் கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்புவதால் புள்ளி அடுத்த தெருவில் நிற்கும்.

மெக்ரிச்சி காட்டுப்பாதைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறது, அதை அடுத்தவருக்குச் சொல்ல டவர் வேண்டும். யாருக்காவது அடிபட்டால் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைத்து, வரைபடத்தில் நீலப்புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களையும் நிதானமாகப் படித்துச் சொல்லுங்கள்: "1." என்று தொடங்குவது முதலில், "103." என்று தொடங்குவது அடுத்து.