கன காலம் நிண்ட மொறிஸ் மைனர்ல ஒயில் லைட் அணையேல்லையோ? எஞ்சினை இறக்க முதல் இதுகளைப் பாருங்கோ

2020 மார்ச்சில இருந்து 2025 வரைக்கும் வாகன இறக்குமதியை நிப்பாட்டி வச்சிருந்ததால பழைய கார்களுக்குத் திரும்பவும் ஒரு மவுசு வந்திட்டுது, திருகோணமலையில உவர்மலை, உப்புவெளிப் பக்கமெல்லாம் தகரக் கொட்டிலுக்க வருஷக்கணக்கா நிண்ட ஸ்ரீ இலக்கத் தகட்டு மொறிஸ் மைனருகள் வெளிய வருது. பற்றரியைப் போட்டு, புதுப் பெற்றோல் ஊத்தி அடிச்சா எஞ்சின் பிடிக்கும், ஆனா ஒயில் பிரஷர் இல்ல எண்டு காட்டுற ஒயில் லைட் அணையாது. உடன ஆராவது வந்து எட்டிப் பாத்திட்டு "பம்ப் போச்சு தம்பி, எஞ்சினை இறக்கோணும்" எண்டு சொல்லிட்டுப் போயிடுவார்.

மைனர்ல ஒயில் பம்ப் கேம்ஷாஃப்டின்ர பின் நுனியில இருக்கு. அதில கை வைக்கோணும் எண்டா எஞ்சினை வெளிய எடுத்து, கிளட்ச், ஃப்ளைவீல், பின் பிளேட் எல்லாம் கழட்டோணும். அதால பம்பைச் சந்தேகப்படுறது கடைசியில. அதுக்கு முதல் பாக்கிற சாமான்கள் எல்லாம் வெளியிலயே இருக்கு, செலவும் பெருசா இல்ல. நான் சொல்லப்போறது 1956இல வந்த 948 சிசி, 1962இல வந்த 1098 சிசி எஞ்சின் போட்ட மைனர் 1000க்கு. வேற பழைய கார் வச்சிருக்கிற ஆக்களுக்கும் ஒழுங்கு ஏறக்குறைய இதுதான், சாமான் இருக்கிற இடம் மட்டும் மாறும்.

தொடங்க முதல் ரெண்டு விஷயம். இந்தக் காருக்கு ஏஎஃப் அளவு, அதாவது அங்குலக் கணக்கு ஸ்பானர் வேணும், மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு இழுத்தா நட்டின்ர மூலை மழுங்கிப் போகும். மற்றது, மைனர் வரேக்க பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின்ர பிளஸ்தான் பொடியில போகுது, ஆரும் இடையில மாத்தியிருக்கினமோ எண்டு பாத்திட்டுப் பற்றரியைக் கொழுவுங்கோ.

முதல் வேலை, எஞ்சினை நிப்பாட்டுறது

ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச செக்கனுக்குள்ள லைட் அணையாட்டி உடன ஓஃப் பண்ணுங்கோ. "நல்லா ரேஸ் பண்ணு, ஒயில் ஏறும்" எண்டு சொல்லுறவையின்ர கதையைக் கேக்காதேங்கோ. கிராங்குக்கும் பெயரிங்குக்கும் நடுவில ஒயில் படலம் இல்லாமல் வேகமா சுத்தினா, அதுவரைக்கும் நல்லா இருந்த பெயரிங்கும் தேஞ்சு போகும், பிறகு லைட் எரியிறதுக்கு உண்மையாவே காரணம் வந்திடும்.

டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பாருங்கோ

அளவு மட்டும் பாத்தாப் போதாது. ஒயில் தண்ணி மாதிரி ஓடி, பெற்றோல் மணம் அடிச்சா, கார்பரேட்டர் வழியா பெற்றோல் சிலிண்டருக்க இறங்கி, ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்புக்க போயிருக்கு எண்டு அர்த்தம். மைனர்ல இருக்கிற எஸ்யூ கரண்ட் பெற்றோல் பம்ப், சாவியைத் திருப்பின உடன டிக் டிக் எண்டு அடிச்சு, கார்பரேட்டர் நிரம்பினதும் நிக்கோணும். நிக்காமல் அடிச்சுக்கொண்டே இருந்தா ஒண்டில் வெளிய ஒழுகுது, அல்லது பழைய பெற்றோல் பிசின் பிடிச்சு, கார்பரேட்டருக்க பெற்றோலை அடைக்கிற ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கு, முதல் அதைக் கழுவோணும். அப்பிடி மெல்லிசான ஒயிலில பிரஷர் நிக்காது, புது பம்ப் போட்டாலும் நிக்காது.

ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி கலந்திருக்கு, ஹெட் காஸ்கெட்டைப் பாக்கோணும். ஒயில் ஊத்துற மூடிக்குக் கீழ மட்டும் கொஞ்சம் வெள்ளையாப் படிஞ்சிருந்தா அது மாரிகாலத்து ஈரம், அதுக்குப் பயப்படத் தேவையில்ல.

லைட் உண்மை சொல்லுதோ?

எங்கட ஊர் உப்புக் காத்துக்கு ஒரு வயர் முனையும் மிஞ்சாது, பச்சை பூத்துப் போகும். போதாக்குறைக்கு எலி வேற. பில்டர் இருக்கிற பக்கம் புளொக்கில ஒற்றை வயர் போற சின்ன சுவிச் ஒண்டு இருக்கு, பிரஷர் இல்லாட்டி அந்த வயரை ஏர்த் பண்ணி லைட்டை எரிய விடுறது அதின்ர வேலை. சாவியை ஓன் பண்ணுங்கோ, எஞ்சின் ஓடத் தேவையில்ல, லைட் எரியும். இப்ப அந்த வயரைக் கழட்டுங்கோ. லைட் அணையாட்டி வயர் எங்கயோ பொடியில முட்டுது, பிழை எஞ்சின்ல இல்ல. அணைஞ்சா வயர் சரி, அப்ப ஒண்டில் சுவிச் பழுது, இல்லாட்டி பிரஷர் உண்மையாவே இல்ல.

இது ரெண்டில எது எண்டு ஊகிக்க வேண்டாம். சுவிச்சைக் கழட்டி அந்த ஓட்டையில ஒரு பிரஷர் கேஜைப் பூட்டுங்கோ, ஒரு நாளுக்கு ஆரிட்டயும் இரவல் வாங்கினாலும் போதும். சாவியைப் போட்டும் லைட் எரியாத கார் தான் என்னைக் கேட்டா இன்னும் ஆபத்து, பல்ப் போனது தெரியாமல் ஆக்கள் ஓடித் திரிவினம்.

ஒயிலும் பில்டரும்

பழைய ஒயிலை முழுக்க இறக்குங்கோ, இறக்கினதைக் கிணத்துப் பக்கம் ஊத்தாதேங்கோ, கானில பிடிச்சு கராஜில குடுங்கோ. வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தா செப்பு நிறத்தில மினுக்கம் இருந்தா பெயரிங் தேஞ்சிருக்கு, மேல போகாமல் நல்ல மெக்கானிக் பாஸ் ஒருத்தரிட்டக் காட்டுங்கோ. புதுசா 20டபிள்யூ-50, பில்டரோட சேத்து 3.7 லீற்றர் அளவில பிடிக்கும்.

பில்டர் கிண்ணம் மாதிரி கீழ தொங்கிறது, நடுவில நீட்டு போல்ட். மேல் தலைக் காடிக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும், காஞ்சு கறுத்துப்போய் இரும்பு மாதிரியே தெரியும், ஊசியால கிளறித்தான் எடுக்கோணும். அதை விட்டிட்டு மேல புது வளையத்தை வச்சா பிரஷர் வந்த உடன ஒயில் பீச்சி அடிக்கும். பூட்ட முதல் கிண்ணத்துக்க அரைவாசிக்கு ஒயில் ஊத்துங்கோ, அவ்வளவுக்குக் காத்துக் குறையும்.

நெருப்பு இல்லாமல் சுத்துறது

நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தேக்கரண்டி ஒயில் விடுங்கோ. கொயிலில இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற மெல்லிய வயரைக் கழட்டி டேப் சுத்துங்கோ. கார்பரேட்டருக்குத் தேவையில்லாமல் பெற்றோல் போகாமல் பெற்றோல் பம்பின்ர வயரையும் கழட்டி வையுங்கோ. பிளக் இல்லாததால கம்ப்ரெஷன் இல்ல, பெயரிங்குக்குச் சுமையும் இல்ல. இப்ப ஸ்டார்ட்டரைப் பத்து செக்கன் சுத்தி, மோட்டர் ஆற விட்டு, திரும்பச் சுத்துங்கோ. கேஜின்ர ஊசி எழும்பினா அரைவாசிக் கதை முடிஞ்சுது. எஞ்சினுக்கு மேல இருக்கிற மூடியை, ரொக்கர் கவரை, கழட்டி வச்சிருந்தா ஒயில் மேல கசியிறதையும் பாக்கலாம், அது கடைசியாத்தான் வரும், பொறுமை வேணும்.

ஊசி அசையாட்டி ரிலீஃப் வால்வு

பிரஷர் மிஞ்சிப் போனா ஒயிலைச் சம்புக்குத் திருப்பி விடுற வால்வு இது, என்ர அனுபவத்தில நிண்ட கார்களில கனக்கக் குற்றவாளி இதுதான். புளொக்கின்ர வலப்பக்கம், பின்னால, குமிழ் மாதிரி தலை உள்ள பெரிய நட் ஒண்டு. மெதுவாக் கழட்டுங்கோ, வாஷர் ஒட்டிக்கொண்டு வரும், பிறகு ஸ்பிரிங், அதுக்கு உள்ளுக்குத் தொப்பி மாதிரி ஒரு வால்வு. ஸ்பிரிங் வரும், வால்வு வராது, அதுதான் வழமை. பழைய ஒயில் பிசினாகி அதை ஓட்டைக்குள்ள பிடிச்சு வச்சிருக்கும். மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு ஊற வச்சு, மெல்லிய தடியால அசைச்சு, காந்தத்தால இழுங்கோ, ஸ்க்ரூ டிரைவரால சுரண்டி ஓட்டைச் சுவரைக் கீறிப் போடாதேங்கோ. வால்வு திறந்தபடி இறுகியிருந்தா, அல்லது அது குந்துற இடத்தில ஒரு துண்டு ஊத்தை இருந்தா, பம்ப் தள்ளுற ஒயில் எல்லாம் திரும்பச் சம்புக்கே போகும். துடைச்சு, குந்துற விளிம்பில பள்ளம் விழுந்திருக்கோ பாருங்கோ. ஸ்பிரிங் கையில வச்சு அளந்தா 72 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருக்கோணும், கட்டையாப் போயிருந்தா புதுசு போடுங்கோ. சில பேர் ஸ்பிரிங்குக்குப் பின்னால வாஷர் அடைஞ்சு பிரஷர் கூட்டுவினம். அது கேஜை ஏமாத்திற வேலை.

இன்னும் வரேல்லையெண்டா, பம்ப் காத்தை இழுக்குது

பம்ப் ஒயில் மட்டத்துக்கு மேல இருக்கிறதால, கன காலம் நிண்டா உள்ளுக்கிருந்த ஒயில் எல்லாம் வடிஞ்சு, காஞ்ச பம்ப் காத்தைத்தான் சுத்தும். புளொக்கின்ர பின்னால இருந்து பில்டர் தலைக்கு வெளியால ஒரு குழாய் போகுது. அதைக் கழட்டி, புளொக் பக்கத்து ஓட்டைக்க ஒயில் கானால பொறுமையா ஒயிலை விடுங்கோ. பிளக் இல்லாமல் நாலாம் கியரில போட்டு ரெண்டு பேர் காரைப் பின்னுக்குக் கொஞ்சம் தள்ளினா எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்தி ஒயிலைப் பம்புக்குள்ள இழுக்கும். பிறகு குழாயைப் பூட்டித் திரும்ப ஸ்டார்ட்டரைச் சுத்துங்கோ.

அதுக்கும் மசியாட்டி சம்பைக் கழட்டி வடியைப் பாருங்கோ, அடியில சேறு கட்டியிருக்கும், உறிஞ்சுற குழாய் லூசா இருந்தாலும் காத்து இழுக்கும். எல்லாம் சரியா இருந்தும் ஊசி அசையேல்லையெண்டா இப்ப எஞ்சினை இறக்கலாம்.

பிரஷர் வந்த ஆக்கள் கழட்டின வயர், பிளக் எல்லாம் பூட்டி, கேஜைக் கழட்டாமல் ஸ்டார்ட் பண்ணி, நிலாவெளிப் பக்கம் ஒரு ஓட்டம் போயிட்டு வாங்கோ. சூடான பிறகு ஓட்டத்தில 60 பிஎஸ்ஐ, ஐடிலில 15 அளவில இருக்கோணும் எண்டுதான் கணக்கு. குளிரில நல்லா இருந்து சூடாகச் சூடாக விழுந்தா பெயரிங் அல்லது பம்ப் தேய்மானம். கீழ இருந்து டொக்கு டொக்கு எண்டு சத்தமும் சேந்து வந்தா ஓட்டிக்கொண்டு வராமல் கட்டி இழுத்துக்கொண்டு வாங்கோ. சத்தம் இல்லாட்டி ஒரு 500 கிலோமீற்றர் ஓடினதும் ஒயிலையும் பில்டரையும் திரும்ப மாத்துங்கோ, புது ஒயில் உள்ளுக்கிருந்த பழைய கறுப்பு எல்லாத்தையும் கழுவிக்கொண்டு வந்திருக்கும்.