விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்களை அழைத்து வருவது எப்படி (வந்தவர்கள் ஓடாமலும் இருக்க)

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. சம்பளமில்லாத வேலை, யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம், அதாவது எழுதலாம், திருத்தலாம். ஆனாலும் பயிலரங்கு நடத்தி நாற்பது பேரைக் கூட்டினால், மறுவாரம் ஒருவரையும் காணோம் என்பதுதான் என் முதல் அனுபவம். அப்புறம் மெல்ல மாற்றிக்கொண்டவை இவை.

படி 1: கணக்கை முந்தைய நாளே தொடங்கச் சொல்லுங்கள்

வீட்டிலிருந்தே தொடங்கிவிட்டு வரட்டும். ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரி) நாளொன்றுக்கு 6 கணக்குகள்தான் தொடங்க முடியும். இது தெரியாமல் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் போய் நின்றேன். ஆறு பேர் உள்ளே போனார்கள், ஏழாவது மாணவியின் திரையில் எச்சரிக்கை. மற்றவர்களுக்குக் கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சொந்தப் பெயர் கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்; புனைபெயர் போதும்.

படி 2: முதல் தொகுப்பு ஓர் எழுத்தாக இருக்கட்டும்

புதுக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அதுதான் ஆளை விரட்டும். அவரவர் ஊரைத் தேடச் சொல்லுங்கள், பெரும்பாலும் சின்னக் கட்டுரை ஒன்று இருக்கும். அதில் 'கிராமத்தை சுற்றி' என்று ஒற்று விடுபட்டிருந்தால், 'தொகு' பொத்தானை அழுத்தி 'ச்' சேர்த்துச் சேமிக்கட்டும். உடனே 'வரலாறு' பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சையில் +6 என்று இருக்கும். (ஒற்று ஒன்றுதானே, ஏன் ஆறு என்று யாராவது கேட்பார்கள். கணினிக்கு ச-வும் புள்ளியும் தனித்தனி, ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் பிடிக்கும்.) தன் ஊர்ப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தவர் அடுத்த பிழையைத் தானே தேடுவார்.

படி 3: ஒரு நாளுக்குள் யாராவது பேச வேண்டும்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் பக்கத்தில் 'நன்றி' இருக்கிறது, ஒரு சொடுக்குதான். தவறு செய்தால் சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டுப் போகாதீர்கள். புதியவர் செய்தித்தாள் வரிகளை அப்படியே ஒட்டுவது அடிக்கடி நடக்கும். நீக்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் வார்ப்புருவை (முன்பே எழுதிவைத்த எச்சரிக்கையை) மட்டும் ஒட்டாமல் இப்படி எழுதலாம்:

"வணக்கம். குளத்தைப் பற்றிய பத்தியை நீக்கியிருக்கிறேன், வரிகள் நாளிதழில் உள்ளபடியே இருந்ததால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். அதே செய்தியை உங்கள் நடையில் எழுதி, நாளிதழைச் சான்றாகக் காட்டுங்கள். எங்காவது சிக்கினால் இங்கேயே கேளுங்கள்."

அரைகுறைக் கட்டுரை என்றால் நீக்குவதற்குப் பதில் அவருடைய மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகும் பக்கத்துக்கு) நகர்த்திவிடலாம்.

படி 4: எல்லாரையும் எழுத்தாளர் ஆக்காதீர்கள்

சிலருக்குக் கோயில் படம் எடுத்துப் பொதுவகத்தில் (விக்கியின் படக் களஞ்சியம்) ஏற்றப் பிடிக்கும், சிலருக்குக் கட்டுரைகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் பகுப்புச் சேர்க்க. விட்டுவிடுங்கள். போட்டிகளும் உதவும்தான், 2018இல் தொடங்கிய வேங்கைத் திட்டம் என்ற இந்திய மொழி விக்கிப்பீடியாக்களின் கட்டுரைப் போட்டியில், இரண்டாம் சுற்றில் தமிழ் முதலிடம் வந்தது. ஆனால் என் கணிப்பில் போட்டி, ஏற்கெனவே பழகியவர்களுக்குத்தான் சூடேற்றும். நேற்று வந்தவருக்குப் புள்ளிக் கணக்கைக் காட்டினால் மிரண்டுவிடுவார்.

மாதம் கழித்தும் தொகுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் கிடைத்தால், அடுத்த பயிலரங்குக்கு அவரையும் கூட்டிப்போங்கள். ஏழாவது கணக்கு விவகாரத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.