இளைஞர் கழக ஏலத்துக்குச் சேகரிப்புக் கத்தி கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஏலம் என்பது யாருக்கும் புதிதல்ல. கோயில் திருவிழாவில் பூசைக்கு வைத்த மாம்பழமும் வாழைக்குலையும் ஏலத்தில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாலர் பாடசாலைக்குக் கூரை போடவும், மாலை வகுப்பு நடத்தவும், வெள்ளத்தில் புத்தகம் இழந்த பிள்ளைகளுக்கு உதவவும் இளைஞர் கழகங்கள் அதே முறையைக் கையாளுகின்றன. அவற்றுக்குப் பெட்டிக்குள் கிடந்த, மடக்கி வைக்கும் பழைய வில்லுக்கத்தியையும், மான்கொம்புப் பிடி போட்ட வேட்டைக் கத்தியையும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய சேகரிப்புக் கத்தியையும் மனமுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கொடுக்கப்படும் கத்திகளைப் பார்த்து, விவரம் எழுதி, விலை சொல்லி உதவுவது நான் செய்துவரும் வேலை. தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைப் புதிதாக வருபவர்கள் ஒன்றும் விடாமல் திரும்பச் செய்வதைக் காண்பதனாலேயே இதை எழுதுகிறேன். கத்தியைச் சுற்றாமல் கொண்டு வருவது, பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைப்பது போன்று எவருக்கும் தெரிந்தவற்றை இங்கே எழுதவில்லை.

துலக்கிக் கொடுப்பது

எல்லாத் தவறுகளிலும் விலை கூடியது இதுதான். அழுக்கான பொருளை ஒருவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. திருவிழா வருமுன் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் கை, ஏலத்துக்குப் போகும் கத்தியையும் அப்படியே எடுத்துத் துலக்கிவிடுகிறது. நல்ல மனத்தோடு செய்யப்படும் காரியம் என்பதால் தடுத்துச் சொல்வதும் கடினமாக இருக்கிறது. ஆனால் சேகரிப்பவர் பணம் கொடுப்பது எதற்காகவோ அதையே இந்தத் துலக்கல் அழித்துவிடுகிறது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கழகத்துக்கு, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரின் குடும்பம் ஒரு வில்லுக்கத்தியைக் கொடுத்திருந்தது. ஏலத்துக்கு முந்திய வாரம் அதை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு அலகு, மான்கொம்புப் பிடி, அலகு முழுவதும் ஒரே சீரான கருஞ்சாம்பல் நிறம். பெரிய அலகின் அடியில், பிடியோடு சேரும் இடத்தில், ஒரு நட்சத்திரமும் அதன் பக்கத்தில் ஒரு மோல்டாச் சிலுவையும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அது இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஜோசப் ரொஜர்ஸ் நிறுவனம் 18 ஆம் நூற்றாண்டிலிருந்து பாவித்து வந்த அடையாளம். திறக்கும்போதும் மூடும்போதும் வில் ‘டக்’ என்று விழுந்தது. அலகு சிறிதும் ஆடவில்லை. இதை அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்பதைச் சொல்லாமல் வந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஏலத்துக்கு முதல் நாள் மாலை கழகத்துப் பிள்ளைகள் இருவர் அதைச் சாணை பிடிக்கும் இடத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

“மினுங்கப் பண்ணிட்டம் அண்ணன், இப்ப பாருங்க” என்று மறுநாள் காலையில் அவர்கள் அதை நீட்டிய மகிழ்ச்சி உண்மையானது. கத்தியில் மிஞ்சியிருந்ததோ நட்சத்திரத்தின் இரண்டு முனைகள் மட்டும். சிலுவை முற்றாகப் போய்விட்டது. அலகின் நுனி தேய்ந்து குறுகியிருந்தது. வெட்டும் வாயோரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அந்தக் கத்திக்காகவே கொழும்பிலிருந்து வந்திருந்த சேகரிப்பாளர் நகத்தால் அலகைத் திறந்தார், அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார், மூடி மேசையில் வைத்துவிட்டார். அவர் ஏலம் கேட்கவே இல்லை. சந்தையில் புதிதாக வாங்கும் சமையல் கத்தியின் விலைக்கு அது போனது. பாடசாலைப் பிள்ளைகளின் புத்தகப் பைக்கென்று குறித்து வைத்திருந்த பணம் அப்படிக் கைநழுவிப் போனதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதை விளங்கிக் கொண்டால், கத்தியில் கை வைக்கவே மனம் வராது. பழைய கத்திகள் பெரும்பாலும் கரி கலந்த சாதாரண உருக்கினால் ஆனவை. பல்லாண்டுப் பாவனையில் அவற்றின் மேல் படியும் கருஞ்சாம்பல் நிறப் படலம் இரும்பை இறுகப் பற்றியிருக்கும். அது அழுக்கல்ல, கத்தியின் வயதைக் காட்டும் சான்று. செந்நிறத் துரு வேறு. அது உப்பிப் பொருக்காக எழுந்து, ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு, கீழே உள்ள இரும்பைத் தின்றுகொண்டே போகும். அகற்ற வேண்டியது அதை மட்டும்தான். சாணைக் கல் இவை இரண்டையும் பிரித்தறியாது. படலத்தையும் துருவையும் முத்திரையையும் ஒன்றாகவே எடுத்துவிடும்.

அதைவிட மோசமானது சூடு. கொல்லர் உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்த பிறகு, அதன் நொறுங்குந் தன்மையைக் குறைக்க மீண்டும் மெல்லச் சூடாக்குவார். அப்போது ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறமும், 300 பாகையை அண்மிக்கும்போது நீலமும் உருக்கின் மேல் தோன்றும். சாணையில் அழுத்திப் பிடித்த மெல்லிய வாயோரம் சில நொடிகளில் அந்த நீலத்துக்கு வந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் கொல்லர் ஏற்றி வைத்த கடினம் இறங்கிப் போயிருக்கும். எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கூர் நிற்காது. அந்தப் பிள்ளைகள் அழகைக் கூட்டுவதாக எண்ணி, கத்தியின் முத்திரையையும் கூர்மையையும் ஒரே மாலையில் இழந்தார்கள்.

சாணைக்குப் போகாதவர்கள் சமையலறைக்குப் போகிறார்கள். பிடியிலுள்ள பித்தளைப் பூண் மினுங்க வேண்டும் என்று புளி தேய்க்கும்போது, அதன் அமிலம் பூணுக்கும் உருக்குக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளிக்குள் இறங்கிவிடும். மேலே எவ்வளவு கழுவினாலும் அது வெளியே வராது, சில வாரங்களில் அங்கிருந்தே துரு கசியத் தொடங்கும். பிராசோ என்ற உலோக மினுக்கியைப் போட்டுத் தேய்த்தால் மெல்லிய செதுக்கு வேலை மழுங்குவதோடு, கொம்புப் பிடியின் வெடிப்புகளில் வெள்ளைப் பொடி அடைந்து நிற்கும். வெள்ளித் தகடு பதித்த வேலைப்பாடுகளில் அந்தத் தகடு தாளளவு மெல்லியது. இரும்பின் மேல் கீறல் போட்டு அதன் மேல் தட்டிப் பிடிக்க வைத்தது. நாலு முறை துலக்கினால் வெள்ளி போய் இரும்பு தெரியும். தேங்காயெண்ணெய் பூசுவதும் நம்மவர் வழக்கம். அது நாளடைவில் தடித்துப் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, பித்தளையில் பச்சைக் களிம்பை வரவழைக்கும்.

செய்ய வேண்டியது மிகச் சிறிது. உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்து, தையல் மெசினுக்கு விடும் மெல்லிய எண்ணெயில் ஒரு சொட்டை அலகில் மட்டும் தடவுங்கள், பிடியில் வேண்டாம். செந்துரு பொருக்காக எழுந்திருந்தால், அதே எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு, தேய்ந்த செப்புச் சதக் காசு ஒன்றின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். செம்பு உருக்கைவிட மென்மையானது என்பதால் துரு உதிரும், அலகில் கீறல் விழாது. அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கடல்நீர் குடித்த கத்திகள் இந்த வைத்தியத்துக்குக் கட்டுப்படா. உப்பு இரும்பின் குழிகளுக்குள் தங்கி, துடைக்கத் துடைக்கப் புதிய துருவைத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்படியானவற்றை உள்ளபடி எழுதி, உள்ளபடி கொடுங்கள்.

உறைக்குள் போட்டு வைப்பது

தோலுறை கத்தியின் பாதுகாப்புக்காகத்தானே என்று கேட்பார்கள். கொண்டு போவதற்கு அது பாதுகாப்பு, வைத்திருப்பதற்கு அல்ல. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும், அது ஈரத்தையும் இழுக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊர்களில், வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் சுவரே வியர்க்கும். உறைக்குள் கிடக்கும் கத்தியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஏலம் வரைக்கும் கத்தியை வெளியே எடுத்து, மெழுகுத் தாளில் சுற்றி, உறையைத் தனியாக வைத்து, இரண்டுக்கும் ஒரே இலக்கத் துண்டைக் கட்டுங்கள். உறையை அழுக்கென்று எறிந்துவிட்டு வெறும் கத்தியைக் கொண்டு வருபவர்களும் உண்டு. மூல உறை இல்லாத வேட்டைக் கத்தி நல்ல விலைக்குப் போவது அரிது.

பிடியை முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அது செலுலாய்ட்டாக இருக்கலாம், ஏனெனில் கற்பூரத்தைச் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். முதுமையில் அது சிதையும்போது வெளிவரும் அமில ஆவி, பக்கத்தில் கிடக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். அதைத் தனியே வைக்க வேண்டும்.

குடும்பக் கதையை வரலாறாக எழுதுவது

பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்களின் தாக்குதலில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அது நடந்த கதை. ஆனால் இந்தப் பகுதியில் பழைய கப்பற் கத்தி எது கிடைத்தாலும் அது ஹெர்மிஸ் கப்பலிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். கத்தியே பேசட்டும் என்று விடுங்கள். பிரித்தானியப் படைக்குச் செய்த கத்திகளில் அரசாங்கச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறி இருக்கும். பலவற்றில் ஆண்டும் இருக்கும். அம்பும் ஆண்டும் சரியாக இருந்தால் அதை எழுதுங்கள், கப்பற் கதையை ‘குடும்பத்தார் சொல்வது’ என்று வேறாக எழுதுங்கள். முதலாம் உலகப் போரில் பாவித்தது என்று ஒருவர் கொண்டு வந்த சுவிஸ் கத்தியில் விக்டோரினொக்ஸ் என்று பொறித்திருந்தது. அந்த நிறுவனம் துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் இனொக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து அந்தப் பெயரைச் சூடிக்கொண்டதே 1921 இல்தான். வாங்க வருபவருக்கு இது தெரியும். ஒரு கத்தியில் பொய் கண்டவர் மேசையிலுள்ள மற்றெல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

மெல்லிய தாளை முத்திரையின் மேல் வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுங்கள். அலகின் நீளம், முழு நீளம், பிடியின் பொருள், வெடிப்பு, ஆட்டம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கொடுப்பவருக்கு அந்தக் கத்தி எவ்வழியால் வந்தது என்பதை அவர் கையாலேயே எழுதி ஒப்பமிடச் செய்யுங்கள்.

தந்தப் பிடியும் தொல்பொருளும்

வெள்ளை நிறப் பிடி எல்லாம் எலும்பு என்று எண்ண வேண்டாம். எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். யானைத் தந்தத்தின் வெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டிப் போகும் வளைகோடுகள் தெரியும். தந்தம் என்று ஐயம் வந்தாலே ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். ஆசிய யானை 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ தொலைபேசியில் ஏலம் கேட்கும் உறவினருக்கு அதை அனுப்ப இயலாது.

வெள்ளியும் பித்தளையும் பதித்த, முதுகு தடித்த கண்டிக் கத்தியான பிஹா கேத்த எவராவது கொண்டு வந்தால் இன்னும் கவனம் தேவை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி இராசதானி வீழ்ந்த 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அனுமதிப் பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு போக முடியாது. ஏலம் போட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தால் பணமும் திரும்பும், கழகத்தின் பெயரும் கெடும். தொல்பொருளியல் திணைக்களத்துக்கு முன்கூட்டியே படத்துடன் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

வாள், குத்துவாள்

இளைஞர் கழகத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆகக் குறைந்த விலையைச் சொல்லாமல் விடுவது

“கழகத்துக்குத்தானே, என்ன விலைக்குப் போனாலும் காரியமில்லை” என்று கொடுப்பவர் சொல்வது பெருந்தன்மை. ஆனால் அந்தப் பெருந்தன்மையின் பலன் முதலில் கை தூக்கும் வியாபாரிக்கே போய்ச் சேரும். இதற்குக் கீழே போனால் விற்க வேண்டாம் என்ற விலையை மூடிய கடித உறையில் எழுதிக் கழகப் பொருளாளரிடம் கொடுங்கள். அந்த விலை வராவிட்டால் கத்தி அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கட்டும்.

விற்றவுடன் கையில் கொடுப்பது

ஏலக் கேள்வி முடிந்ததும் ஆரவாரத்தில் கத்தி பிள்ளைகளின் கைமாறிக் கைமாறி வாங்கியவரிடம் போவதை நான் பார்த்திருக்கிறேன். மேடைக்குப் படத்தையும் விவரத் தாளையும் மட்டும் கொண்டு வாருங்கள். கத்தி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ஏலம் கேட்பவர் வயது வந்தவராக இருக்க வேண்டும் என்பதை அறிவித்தலிலேயே போடுங்கள், அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் ஏலம் பற்றி ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். கூட்டம் கலைந்த பிறகு, அடையாள அட்டை பார்த்து, பணம் பெற்று, பற்றுச்சீட்டு எழுதி, கடதாசி மட்டையில் இறுகச் சுற்றிக் கட்டிய கத்தியை உறையோடும் விவரத் தாளோடும் கையளிக்க வேண்டும். பேருந்தில் வீடு திரும்புபவரிடம் பற்றுச்சீட்டைப் பொதிக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். வழியில் எவராவது கேட்டால் பொதியை அவிழ்க்காமலே அதைக் காட்டலாம்.