பி.ஜி.பி. அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே நிர்வாகத்துக்குள் ஓ.எஸ்.பி.எஃப். ஓட்டுவது வேறு, இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவே பி.ஜி.பி. ஓட்டுவது வேறு. இரண்டுமே ரூட்டர்கள் தங்களுக்குள் தடங்களைச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள். உள்ளே எல்லா ரூட்டரும் நம்முடையவை. பிசகினால் நம்மோடு முடிந்துவிடும். வெளியே அப்படியில்லை. 'இந்த முகவரிகளுக்கு என் வழியாக வா' என்று பக்கத்து வலையமைப்பு சொன்னால், வடிகட்டி இல்லாத ரூட்டர் அப்படியே நம்பும். நாம் பிழையாகச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் நம்பும். எதை வாங்குகிறோம், எதை வெளியே சொல்கிறோம் என்ற இரண்டையும் எழுதி முடித்த பிறகே இணைப்பை ஏற்ற வேண்டும்.

<b>தடக் கசிவு</b>

அதிகச் சேதம் தருவது இதுதான். 'அ', 'ஆ' என்று இணையம் தரும் இரண்டு மேல்நிலை இணைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'அ'விடமிருந்து முழு அட்டவணை (இணையத்தின் எல்லாத் தடங்களும்) வருகிறது. வெளியே போகும் பக்கம் வடிகட்டி போடாமல் 'ஆ'வுடன் பேசத் தொடங்கினால், 'அ' சொன்ன லட்சக்கணக்கான தடங்களும் 'ஆ'வுக்குப் போய்ச் சேரும். வாடிக்கையாளர் சொல்லும் தடத்துக்கு லோக்கல் பிரிஃபரன்ஸை (எந்தத் தடத்தை விரும்புகிறோம் என்ற மதிப்பை) உயர்த்தி வைப்பது மேல்நிலை நிறுவனங்களின் வழக்கம். ஆகவே 'ஆ' உங்களையே தேர்ந்தெடுக்கும். 'அ'வை நோக்கிப் போக வேண்டிய போக்குவரத்து முழுவதும் உங்கள் சின்ன இணைப்பில் புகுந்து அதை அடைத்துவிடும்.

தீர்வு எளிது: சொந்த பிரீஃபிக்ஸ்களை (முகவரித் தொகுதிகளை) மட்டும் பெயர் சொல்லி அனுமதியுங்கள், மற்றதை மறுத்துவிடுங்கள். உங்களுக்குக் கீழே வாடிக்கையாளர் இருந்தால், அவர்களுடைய தடங்கள் உள்ளே வரும்போதே ஒரு கம்யூனிட்டி முத்திரை (தடத்தோடு செல்லும் அடையாள எண்) குத்துங்கள். வெளியே போகும்போது சொந்தத் தடங்களோடு அந்த முத்திரை உள்ளதை மட்டும் விடுங்கள். கொள்கை எழுதாத வெளி இணைப்பில் எதையும் வாங்கவோ அனுப்பவோ கூடாது என்று 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. ஆனால் எல்லா ரூட்டரும் இயல்பாக அப்படி நடப்பதில்லை. சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

வாங்கும் பக்கத்துக்கு மேக்சிமம் பிரீஃபிக்ஸ் வரம்பு (ஓர் அண்டையிடம் அதிகபட்சம் எத்தனை தடம் வாங்கலாம் என்பது) கட்டாயம். 100 தடம் அனுப்பும் அண்டைக்கு 150 போதும். 10,000 என்று வைத்தால் வைக்காததற்குச் சமம்.

<b>பி.ஜி.பி. தடங்களை ஓ.எஸ்.பி.எஃப்.-க்குள் கொட்டுவது</b>

உள்ளே போனதும் ஏ.எஸ். பாதை, அதாவது தடம் கடந்து வந்த வலையமைப்புகளின் (ஏ.எஸ்.) எண் பட்டியல், அழிந்துவிடும். ஏ.எஸ்.-களுக்கு நடுவே சுழற்சியைக் கண்டுபிடிக்க பி.ஜி.பி.-யிடம் இருக்கும் கருவி அந்தப் பாதைதான். இன்னொரு எல்லை ரூட்டர் அதே தடங்களை ஓ.எஸ்.பி.எஃப்.-இலிருந்து மறுபடி பி.ஜி.பி.-க்கு ஏற்றினால், அவை உங்கள் ஏ.எஸ்.-இலேயே பிறந்தவைபோல வெளியே போகும். 1997 ஏப்ரல் 25-ஆம் தேதி ஏ.எஸ். 7007 இணையத்தைக் குலைத்தபோதும் தடங்கள் பழைய பாதையை இழந்து, /24 (256 முகவரி) துண்டுகளாகப் பிறந்த இடம் மாறித்தான் வெளியேறின. சிறிய துண்டுக்கே ரூட்டர் முன்னுரிமை தரும் என்பதால் சரியான தடங்கள் தோற்றன. உள்ளே தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு டிஃபால்ட் ரூட் (வேறு தடம் இல்லாதபோது போகும் வழி) மட்டுமே. மற்றதை உள் பி.ஜி.பி. (ஒரே ஏ.எஸ்.-க்குள் ஓடும் பி.ஜி.பி.) சுமக்கட்டும்.

உள் பி.ஜி.பி.-யிலும் ஒரு பொறி உண்டு. எல்லை ரூட்டர் உள்ளே அனுப்பும் தடத்தில் நெக்ஸ்ட் ஹாப் (அடுத்து எந்த ரூட்டருக்கு அனுப்புவது என்ற முகவரி) மாறுவதில்லை. எதிர்ப்பக்க ரூட்டரின் முகவரியே நிற்கும். அந்த இணைப்பின் /30 உள்ளே யாருக்கும் தெரியாவிட்டால் தடம் பட்டியலில் தெரியும், பயன்பாட்டுக்கு வராது. எல்லை ரூட்டர் தன் முகவரியையே சொல்லும்படி நெக்ஸ்ட் ஹாப் செல்ஃப் போட்டால் சரியாகிவிடும்.

<b>ஆர்.ஓ.ஏ.-வில் தாராளம் காட்டுவது</b>

ஆர்.ஓ.ஏ. என்பது எந்த ஏ.எஸ். எந்த முகவரித் தொகுதியை எந்த நீளம்வரை அறிவிக்கலாம் என்று கையொப்பமிட்ட பதிவு. ஒரு /22 மட்டுமே அறிவிக்கிறீர்கள், 'பிற்பாடு உதவும்' என்று அதிகபட்ச நீளத்தை /24 என எழுதி வைக்கிறீர்கள் என்றால், அது திருடனுக்குத் திறந்த கதவு. அவன் பாதையின் கடைசியில் உங்கள் ஏ.எஸ். எண்ணைப் பொய்யாகச் செருகி /24 அறிவிப்பான். சரிபார்ப்பு பிறப்பிடத்தை மட்டுமே பார்ப்பதால் 'செல்லும்' என்றே பதில் வரும். அறிவிக்கும் நீளத்தை மட்டுமே எழுதுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் முதலில் ஆர்.ஓ.ஏ., அது பரவிய பிறகே புதிய அறிவிப்பு. வரிசை மாறினால் உங்கள் தடத்தையே மற்றவர்கள் தள்ளிவிடுவார்கள்.

<b>பிரிபெண்டை மட்டும் நம்புவது</b>

உள்வரும் போக்குவரத்தைத் திருப்ப, பாதை நீளமாகத் தெரியும்படி தங்கள் ஏ.எஸ். எண்ணை எட்டுப் பத்து முறை அடுக்குபவர்கள் (இதுதான் பிரிபெண்ட்) இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தின் லோக்கல் பிரிஃபரன்ஸ் பாதை நீளத்துக்கு முன்பே முடிவு செய்துவிடும்; மூன்றுக்கு மேல் அடுக்கிப் பெரும்பாலும் பலனில்லை. மேல்நிலை நிறுவனம் தரும் கம்யூனிட்டிகளைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். சில ரூட்டர்களில் எத்தனை முறை என்று எழுத வேண்டும், சிலவற்றில் எண்ணையே திரும்பத் திரும்ப எழுத வேண்டும். குழம்பி 3 என்று தட்டினால் ஏ.எஸ். 3 உங்கள் பாதையில் ஏறிவிடும்.

<b>பயன்படாத முகவரிகளை மறப்பது</b>

/22 முழுவதையும் அறிவித்துவிட்டு ஒரு /24 மட்டும் பயன்படுத்தும்போது, மிச்ச முகவரிக்கு வரும் பாக்கெட் டிஃபால்ட் ரூட்டைப் பிடித்து மேலே திரும்பும். மேலிருந்து மறுபடி கீழே வரும். டி.டி.எல். (பாக்கெட்டின் ஆயுள் எண்ணிக்கை) தீரும்வரை இந்தப் பந்தாட்டம் இணைப்பைத் தின்னும். எல்லை ரூட்டரில் /22-க்கு ஒரு நல் (null) ரூட், அதாவது வரும் பாக்கெட்டை எறிந்துவிடும் தடம், போட்டால் அடங்கும்.

இணைப்பு ஏறி, சரியாக 90 அல்லது 180 வினாடியில் விழுந்து, மறுபடி ஏறுகிறதா? எம்.டி.யு.-வை (இணைப்பு தாங்கும் பாக்கெட்டின் உச்ச அளவை) பாருங்கள். 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும் கீப்அலைவ் செய்தி 19 பைட்தான், தனியாகப் போய்விடும். பெரிய அப்டேட் செய்தி சிறிய எம்.டி.யு. உள்ள இடத்தில் சிக்கினால், டி.சி.பி. வரிசை மாற்றாது என்பதால் பின்னால் வரும் கீப்அலைவும் நின்றுவிடும். ஹோல்ட் டைமர் (செய்தி வராமல் காத்திருக்கும் நேரம்) தீர்ந்து இணைப்பு அறுபடும். 1,500 பைட் பாக்கெட்டை, துண்டாக்க வேண்டாம் என்ற குறியோடு பிங் செய்தாலே தெரிந்துவிடும். பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் ஐ.சி.எம்.பி. முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருந்தால் முதலில் அதைத் திறங்கள்.