கெடு தாண்டிய பணிகளை நிறமிட்டுக் காட்டுவது எப்படி?

எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள்களில் ஒரு செல்லுக்கு, அதாவது கட்டத்துக்கு, கையால் நிறம் கொடுத்தால், அதிலுள்ள மதிப்பு மாறிய பின்னும் அந்த நிறம் அப்படியே இருந்துவிடும். நிபந்தனைப்படி நிறமிடும் வசதியான கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில், நாம் வகுத்த விதி பொருந்தும்வரை மட்டுமே நிறம் நிற்கும். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழுள்ள மதிப்புகளைக் காட்டுவது போன்ற எளிய தேவைகளுக்கு, எக்செலின் ஹோம் பகுதியிலுள்ள 'ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்' ஒன்றே போதும். ஆனால் ஒரு செல்லின் மதிப்பைக் கொண்டு முழு வரிசையையும் நிறமிடும்போதுதான் இந்த வசதியின் அருமை தெரியவரும்.

ஏ முதல் டி வரையுள்ள நெடுவரிசைகளில் முறையே பணி, பொறுப்பாளர், கெடு தேதி, நிலை ஆகியவை இருப்பதாகக் கொள்வோம். ஏ2-இல் தொடங்கி டி200 வரை தேர்ந்தெடுக்க வேண்டும். கீழிருந்து மேலாகத் தேர்ந்தெடுத்தால் எக்செலில் விதி வரிசை மாறிப் பொருந்திவிடும். பிறகு ஹோம் பகுதியின் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் 'நியூ ரூல்' சென்று, ஃபார்முலா எழுதும் வகையைத் தேர்ந்து, =$சி2<டுடே() என்று, எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் உள்ளிட்டு, நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மட் மெனுவிலுள்ள கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் 'கஸ்டம் ஃபார்முலா' என்பதே இதற்குரிய இடம்.

சி-க்கு முன்னுள்ள டாலர் குறியை விட்டுவிடக் கூடாது. அது இருப்பதால்தான் வரிசையின் நான்கு செல்களும் கெடு தேதியையே பார்க்கின்றன. இல்லையெனில் பி2 செல், தேதியை விட்டு டி2-இலுள்ள நிலையைப் பார்க்கும். 2-க்கு முன்னும் டாலர் இட்டால், எல்லா வரிசைகளும் இரண்டாம் வரிசையின் தேதிக்கே கட்டுப்படும்.

இவ்வளவில் விதி முழுமையாகிவிடாது. காலியான தேதி செல் பூஜ்யமாகக் கருதப்படுவதால், அந்த வரிசையும் கெடு தாண்டியதாக நிறம் பெறும். முடித்த பணிகளும் வீணாகக் கண்ணை இழுக்கும். எனவே =அண்ட்($சி2<>"",$சி2<டுடே(),$டி2<>"முடிந்தது") என்று விரிவாக எழுதுவதே சரி. மேற்கோளுக்குள் உள்ள சொல்லைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் செல்லில் அச்சொல்லின் பின் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தால்கூட விதி அதை வேறு சொல்லாகவே கொள்ளும்.

கெடு தாண்டியும் ஒரு வரிசை நிறம் பெறவில்லையெனில், அந்தத் தேதி செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால், பெரும்பாலும் அது தேதியாக அன்றி வெறும் எழுத்தாகப் பதிவாகியிருக்கும். கணினியின் தேதி முறைக்கு ஏற்ப மீண்டும் உள்ளிட்டால் சரியாகும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத வாசகர்களும் இருப்பதால், நிறத்தோடு தடித்த எழுத்தையும் சேர்ப்பது நல்லது. நகலெடுத்து ஒட்டும்போது விதிகள் துண்டு துண்டாகப் பெருகும் என்பதால், மதிப்பை மட்டும் ஒட்டும் வழக்கத்தைக் கைக்கொண்டு, 'மேனேஜ் ரூல்ஸ்' பட்டியலை அவ்வப்போது திறந்து, ஒரே விதி பலமுறை இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி, அதன் எல்லையை முழு அட்டவணைக்கும் நீட்டிவிடுங்கள்.