அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங்: ஆம்ப்ஸைத் திருப்பும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பட்டறைகளில் அலுமினிய வேலை குவியும். அறுவடை மெஷினின் ரேடியேட்டர் ஒழுகும், கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் விரிசல் விழும். நாகப்பட்டினம் கரையில் படகு எஞ்சினின் பாகங்கள் வரும். வயலில் கதிர் முற்றி நிற்கும்போது யாரும் இரண்டு நாள் காத்திருக்க மாட்டார்கள். அந்த அவசரத்தில் வெல்டிங் சரியாக விழவில்லை என்றால் கை நேராக ஆம்ப்ஸ் குமிழுக்குத்தான் போகிறது. பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. டார்ச்சைத் திருப்பி, ஆர்க் என்னும் மின்பொறி எழும் டங்ஸ்டன் கம்பியின் நுனியை ஒரு தடவை பார்த்தால், எங்கே தப்பு என்று பாதி தெரிந்துவிடும்.

அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் பாலேடு மாதிரி படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்னோட்டம் வைக்கிறோம். டங்ஸ்டன் பாசிட்டிவாக இருக்கும் அரைச் சுற்றில் ஆக்சைடு உடைந்து அகலும். நெகட்டிவாக இருக்கும் அரைச் சுற்றில் சூடு உலோகத்துக்குள் இறங்கும். இரும்பு வேலை முடித்துவிட்டு மெஷினை ஒரே திசையில் ஓடும் டிசியிலேயே விட்டு அலுமினியத்தைத் தொடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அடியில் உலோகம் உருகும், மேலே தோல் சுருங்கி அப்படியே நிற்கும், இணைப்பை நிரப்ப உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் ராடு கலக்காது. ஆம்ப்ஸை ஏற்றினால் அடி ஓட்டை விழும், தோல் மட்டும் போகாது. டிசியில் டங்ஸ்டனைப் பாசிட்டிவில் மாட்டிவிட்டால் இன்னும் மோசம். சில நொடிகளில் நுனியே உருகிச் சொட்டும்.

அதிகம் குழப்புவது, இந்த இரண்டு அரைச் சுற்றுக்கும் பங்கு பிரிக்கும் பேலன்ஸ் குமிழ். மொத்தச் சுற்றில் நெகட்டிவ் பங்கு 65 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் எல்லா மெஷினும் ஒரே கணக்கில் எண் காட்டுவதில்லை. சிலவற்றில் எண் நெகட்டிவ் பங்கைக் குறிக்கும், சிலவற்றில் சுத்தம் செய்யும் பாசிட்டிவ் பங்கைக் குறிக்கும். ஒன்றில் 70 என்று வைப்பது இன்னொன்றில் 30 என்று வைப்பதற்குச் சமம். பக்கத்துப் பட்டறையில் கேட்ட எண்ணை அப்படியே வைத்தால் டங்ஸ்டன் நுனி உருண்டு கோலிக்குண்டாகிவிடும். மெஷினோடு வந்த புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள்.

நுனியில் டங்ஸ்டனின் தடிமனைவிடப் பெரிய உருண்டை தொங்கினால் பாசிட்டிவ் பங்கு கூடிவிட்டது, அல்லது அந்த ஆம்ப்ஸுக்கு டங்ஸ்டன் மெலிது. உருகிய குட்டையில் கருப்புத் துகள்கள் மிதந்து, ஓரம் மங்கலாக இருந்தால் சுத்தம் போதவில்லை. சரியாக இருந்தால் வெல்டின் இரு ஓரத்திலும் வெள்ளையாக ஒரு மெல்லிய பட்டை தெரியும். அது விரல் அகலத்துக்கு விரிந்தால் பாசிட்டிவ் பங்கைக் குறையுங்கள். அழுக்குப் பாகத்தைத் துடைக்காமல் பாசிட்டிவ் பங்கை ஏற்றிச் சமாளிக்கப் பார்ப்பது பலருடைய பழக்கம். எண்ணெய், கிரீஸ், பெயின்ட் எதையும் ஏசி நீக்காது. அது தொடுவது ஆக்சைடை மட்டும்தான். முதலில் அசிட்டோனால் துடைத்து, அப்புறம் அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேயுங்கள். வரிசை மாறினால் எண்ணெயைத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகிவிடும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களில் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்தான், மாற்ற முடியாது. இன்வெர்ட்டர் மெஷினில் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வைத்தால் ஆர்க் குறுகி ஒரே இடத்தில் நிற்கும். மெல்லிய ரேடியேட்டர் மூலைக்கு இது நல்லது.

டங்ஸ்டனின் வகையை அதன் முனையில் பூசிய நிறம் சொல்லும். அலுமினியம் என்றாலே கலப்பில்லாத பச்சை நிற டங்ஸ்டன் என்று கற்றுக்கொண்டவர்கள் நிறைய. அது டிரான்ஸ்ஃபார்மர் காலத்துப் பாடம். இன்வெர்ட்டருக்கு லாந்தனம் கலந்த தங்க நிறமோ நீல நிறமோ நன்றாக உழைக்கும். சிவப்பு நிறத்தில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கப் பொருள். தீட்டும் தூசியை மூக்கில் இழுப்பது வேண்டவே வேண்டாம். வேறு நிறம் கடையில் கிடைக்கும்போது சிவப்பை வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

டங்ஸ்டனை நீளவாக்கில் தீட்டி, நுனியைச் சிறிது மழுக்குங்கள். குறுக்காகத் தீட்டினால் ஆர்க் அந்தக் கோடுகளில் அலையும். இரும்பு தேய்த்த சக்கரத்தில் இதைத் தீட்டக் கூடாது. 3 மி.மீ. தகட்டுக்குச் சுமார் 120 ஆம்ப்ஸ், அதற்கு 2.4 மி.மீ. டங்ஸ்டன் என்று தொடங்கிப் பாருங்கள். தடித்த டங்ஸ்டனைக் குறைந்த ஆம்ப்ஸில் ஓட்டினாலும் ஆர்க் அலைபாயும். எர்த் கிளாம்ப் பெயின்ட் மேலோ துருவின் மேலோ கடித்திருந்தாலும் அதே அறிகுறிதான், எனவே அதையும் பாருங்கள். ஆர்க்கின் நீளம் டங்ஸ்டனின் தடிமன் அளவில் இருக்கட்டும்.

டங்ஸ்டன் குட்டையைத் தொட்டுவிட்டால் உடனே நிறுத்துங்கள். நுனியில் ஒட்டிய அலுமினியம் ‘எரிந்து போய்விடும்’ என்று தொடர்ந்தால் அது ஆர்க்கைச் சிதறடிக்கும், வெல்டும் கருத்துப்போகும். நுனியை மறுபடி தீட்டுங்கள்; வெல்டுக்குள் டங்ஸ்டன் துணுக்கு தங்கியிருந்தால் தோண்டி எடுங்கள்.

வேலை முடிந்ததும் டங்ஸ்டன் வெள்ளியாகப் பளபளத்தால் கேஸ் சரி. நீலமோ கருப்போ ஏறியிருந்தால் ஆர்க் நின்றபின் கேஸ் சீக்கிரம் நின்றுவிட்டது என்று பொருள். 10 ஆம்ப்ஸுக்கு ஒரு நொடி என்ற கணக்கில் 120 ஆம்ப்ஸுக்கு 12 நொடி ஓட விடுங்கள், அதுவரை டார்ச்சை எடுக்காதீர்கள். கேஸ் சுத்தமான ஆர்கானாக இருக்க வேண்டும். மிக் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரை மாட்டினால் டங்ஸ்டன் கண்முன்னே எரியும். நிமிடத்துக்கு 7 முதல் 12 லிட்டர் போதும். அதற்கு மேல் திறந்தால் கேஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கரையோரப் பட்டறையில் கடல் காற்றுக்கு மறைப்பு கட்டுங்கள், மேலே சுழலும் ஃபேனையும் நிறுத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை சேரும். ஈரத்திலிருக்கும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் எளிதாகக் கரையும், உறையும்போது வெளியேற வழியில்லாமல் குமிழாகத் தங்கும். வெல்டில் ஊசித்துளைகள் விழுந்தால் செட்டிங்கோடு சண்டை போடாமல், ஃபில்லர் ராடு வெளியே கிடந்ததா, பாகம் நனைந்ததா என்று பாருங்கள். ராடை மூடிய குழாயில் வையுங்கள்.

பம்ப்செட்டுகள் எல்லாம் ஓடும் நேரத்தில் லைனில் வோல்டேஜ் இறங்கும். மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் ஒயர் அதை இன்னும் இறக்கும். காலையில் நன்றாக ஓடிய அதே செட்டிங் மதியம் சோர்ந்தால், குமிழைத் திருகும் முன் மெஷினுக்கு வரும் வோல்டேஜை அளந்து பாருங்கள்.

திருச்சி பெல் (பிஹெச்இஎல்) தொழிற்சாலை வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தஞ்சாவூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் அப்படி ஓர் இடம் இருந்தும், டெல்டாப் பட்டறைகளில் செட்டிங் வாய்வழிச் செய்தியாகவே பரவுவது எனக்கு வருத்தம். அங்கே நடக்கும் பயிற்சிகளைப் பற்றி ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் பாகத்தைத் துடைத்துவிட்டு ஆர்க் அடிக்காதீர்கள். மிச்சமிருக்கும் அந்தத் திரவமும் ஆவியும் ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். டப்பாவில் குளோரோ என்று தொடங்கும் பெயரோ, குளோரைடு, குளோரோஎத்திலீன் என்ற சொல்லோ இருந்தால் அதை வெல்டிங் மேசைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.