வகுப்பு விதிகளை அவர்களே சொல்லட்டும்

முதியோர் எழுத்தறிவு வகுப்பின் முதல் நாளில் விதிகளை எழுதிக்கொண்டு போகாதீர்கள். "எது நடந்தா நாளைக்கு வரமாட்டீங்க?" என்று கேளுங்கள். "தப்பா வாசிச்சா சிரிக்கக் கூடாது" என்பதுபோல வரும் பதில்களில் ஐந்தை மட்டும், அவர்கள் பேச்சிலேயே சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள். தாங்கள் சொன்ன விதி என்பதால் மீறுபவரை அவர்களே தடுப்பார்கள். வயதில் மூத்தவரை நாம் அதட்டினால் மறுநாள் வரமாட்டார்.

பாம்பன், மண்டபம் போன்ற மீனவர் ஊர்கள் பக்கம் செல்போனை அணைக்கச் சொல்லவே வேண்டாம். வீட்டு ஆள் கடலில் இருப்பார். சத்தத்தைக் குறைத்து, அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வகுப்பு நேரத்தை மறுபடி பேசி முடிவுசெய்யுங்கள்.

ஒருநாள் பயிற்சிக்கு, விதிகளை அவர்களிடமே கேட்கும் இந்த முறை ஒத்துவராது, நேரம் போதாது. லைஃப் ஜாக்கெட் போன்ற பாதுகாப்பு விதிகளையும் இப்படிக் கேட்டு முடிவுசெய்யக் கூடாது, நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.